போஸ்டரை நம்பிப் போன கதை

கிளப் நிகழ்ச்சிகளைத் தேட இன்ஸ்டாகிராம் ஒன்றே போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. நான் கடலூர் மஞ்சக்குப்பம். போன வருடம் இன்ஸ்டாகிராமில் பளபளவென்று ஒரு கிளப் போஸ்டரைப் பார்த்துவிட்டு நாலு பேர் பைக்கில் புதுச்சேரிக்குக் கிளம்பினோம். தலைக்கு ஆயிரம் ரூபாய் கவர் சார்ஜ், அதாவது நுழைவுக் கட்டணம். மேலே போனால் மொட்டை மாடி. டிஜே ஒன்பதரைக்குத்தான் ஒயரைச் செருகிக்கொண்டிருந்தார். பத்து அடித்ததும் சத்தத்தை அணைத்துவிட்டார்கள். அரை மணி நேர ஆட்டத்துக்கு நாலாயிரம்!

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதியே இருக்கிறது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. அதனால் இப்போது முதல் கேள்வியே, 'அண்ணே, ஹாலா, மாடியா?' என்பதுதான். அப்புறம், கவர் சார்ஜ் சாப்பாட்டு பில்லில் கழியுமா என்று கேட்பேன். கிளப் பக்கத்தை விட டிஜேயின் பக்கத்தைப் பின்தொடர்வது மேல். எத்தனை மணிக்கு மேடை ஏறுகிறார் என்பதை அவரே போட்டுவிடுவார்.

பைசா செலவில்லாமல் நல்ல இசை வேண்டுமென்றால் ஜூன் 21-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். பிரான்சில் 1982-இல் தொடங்கிய 'ஃபெத் தெ லா முசிக்' இசைத் திருநாள் புதுச்சேரியிலும் நடக்கிறது. நான் அதற்குத் தவறாமல் போகிறேன்.

திரும்பும்போது மது பாட்டில் எதுவும் பையில் வேண்டாம், கடலூருக்குள் நுழையும் இடத்தில் உள்ள ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள்.