எங்கே என்று மூவரும் சொல்லவில்லை

ஞாயிற்றுக்கிழமை நடந்த வேட்பாளர் சந்திப்பைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதன் காணொளியை இதுவரை 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். நடந்ததை விவரிக்கப் போவதில்லை, எல்லோரும் பார்த்தாயிற்று. சென்னையின் குடிசைவாசிகளுக்காக நகரின் தெற்கு ஓரத்தில் அரசு கட்டிய பெரும்பாக்கத்தில் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, அங்கே போக மறுப்பவர்களுக்கு உண்மையில் வீடே தேவையில்லை என்று ஒரு வேட்பாளர் சொன்னதும், அதற்கு அரங்கில் எழுந்த கைதட்டலும் உங்களுக்குத் தெரியும்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் கீழே ஒருவர் வந்து கேட்பார். மேடையில் இருந்த மூவர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ஒருவர் எத்தனை வீடு கட்டினோம் என்றார், அடுத்தவர் எத்தனை கட்டுவோம் என்றார், மூன்றாமவர் கட்டியதற்கே ஆள் வரவில்லை என்றார். எங்கே கட்டினீர்கள், எங்கே கட்டுவீர்கள் என்ற பேச்சு மூவர் வாயிலும் வரவில்லை.

எண்ணை மட்டும் சொல்வது இவர்களுடைய கண்டுபிடிப்பும் அல்ல. 2022-க்குள் அனைவருக்கும் வீடு என்று ஒன்றிய அரசு 2015-இல் அறிவித்தது. அந்த ஆண்டு வந்து போனது. 2024-இல் நகர்ப்புறத்தில் மேலும் 1 கோடிக் குடும்பங்கள் என்று இரண்டாம் பாகம் வந்தது. அ.தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் அம்மா இல்லம் என்றது. தி.மு.க. அரசு 2024-இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் 8 லட்சம் வீடுகள் என்றது, அது ஊரகத்துக்கானது. எல்லோரிடமும் எண் இருக்கிறது. ஆனால் காலையில் வேலைக்குப் போகிறவளுக்கு எண்ணால் ஆவதொன்றும் இல்லை. அவளுக்கு வேண்டியது இடம்.

ஒரு காலத்தில் இந்த நகரத்துக்கு இது தெரிந்திருந்தது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கி, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்ற வாசகத்தையும் வைத்துக்கொண்டபோது, பல இடங்களில் குடிசை இருந்த மண்ணிலேயே மாடிக் கட்டடங்கள் எழுந்தன. கடற்கரையோரத்தில் மீனவர் குடியிருப்புகளைக் கடல் தெரியும் தூரத்திலேயே கட்டினார்கள். பிறகு நிலத்தின் விலை ஏற ஏற இறைவன் தெற்கே நகர்ந்துவிட்டார் போலும். 2000-ஐ ஒட்டிக் கண்ணகி நகர், அடுத்து செம்மஞ்சேரி, அடுத்து பெரும்பாக்கம். 2021-இல் வாரியத்தின் பெயரும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. வாழ்விடம் என்பது நல்ல சொல்தான்.

பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், ஏனென்றால் அப்படியொரு பூட்டின் சாவி எங்கள் வீட்டில் இருந்தது. 2002-இல், நான் ஏழாம் வகுப்பில் பாதி ஆண்டு படித்திருந்தபோது, பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்து எங்களைச் சாமான்களோடு லாரியில் ஏற்றிக் கண்ணகி நகரில் இறக்கினார்கள். 200 சதுர அடிகூடத் தேறாத வீடு. கூரை ஒழுகவில்லை; அதை மறைக்க மாட்டேன். அம்மா மந்தைவெளியில் இரண்டு வீடுகளில் சமையல் செய்துகொண்டிருந்தார். கால்வாய்க் கரையிலிருந்து பத்து நிமிட நடை. நடுவில் வந்து எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பிப் போவார். கண்ணகி நகரிலிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும். நாலரைக்கு எழுந்தும் ஆறு மணிக் காபிக்குப் போய்ச் சேர முடியவில்லை. "உன்னைக் குறை சொல்லலைம்மா, ஆனா காபி ஆறு மணிக்கு வேணுமே" என்றார் அந்த மாமி. கோபமாகச் சொல்லவில்லை, தன்மையாகத்தான் சொன்னார். ஒரு வீட்டு வேலை அப்படிப் போனது. மற்றதையும் இழக்காமலிருக்க, மந்தைவெளியில் ஒரு வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையை வாடகைக்குப் பிடித்து இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தோம். அந்த இரண்டு ஆண்டுகளும் கண்ணகி நகர் வீடு பூட்டித்தான் கிடந்தது. அந்த வேட்பாளரின் கணக்குப்படி எங்களுக்கு வீடு தேவைப்படவில்லை.

ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் ஆக்கிரமித்துக் குடியிருந்தால் வெள்ளத்தில் சாக மாட்டார்களா, அரசு உயிரைக் காப்பாற்றியதே என்று எழுதப் போகிறவர்களுக்கு: வெள்ளத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களைக் கொண்டுபோய் விட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் 2015-இல் தண்ணீர் நின்றது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நின்றது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்திலேயே விட்டதற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டுமென்றால் சொல்லிவிடுகிறோம். அதோடு, அதே பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. மயிலாப்பூர்ப் பக்கம் ஒருமுறை குனிந்து பாருங்கள். கான்கிரீட் நின்றால் அது வளர்ச்சி, எங்கள் ஓலை நின்றால் ஆக்கிரமிப்பு.

நகருக்குள் நிலம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் பழைய இடத்திலேயே அடுக்குமாடி எழுந்ததே என்று சொல்லலாம். 2021-இல் அங்கே சுவர்ப்பூச்சு கையோடு பெயர்ந்து வந்ததையும் நாம்தான் பார்த்தோம். அது கட்டியவிதத்தின் குறை, இடத்தின் குறை அல்ல என்பேன். ஒதுக்கிய வீட்டை உள்வாடகைக்கு விடுகிறார்களே என்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை இன்று எனக்கு இல்லை.

கைதட்டியவர்களில் பாதிப்பேர் வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய என்றும் சேர்த்துச் சொல்கிறது. சாவி ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? அதனால் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஒவ்வோர் ஆண்டும் வாடகை ஏற ஏற அடையாற்றிலிருந்து வேளச்சேரிக்கும் அங்கிருந்து மேடவாக்கத்துக்கும் நகர்ந்துகொண்டிருக்கிறீர்கள். உங்களை யாரும் லாரியில் ஏற்றவில்லை, பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸை நீங்களே அழைத்துக்கொண்டீர்கள். போகும் திசை ஒன்றுதான். அன்று மேடையில் வாடகை என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை, அதற்கும் நீங்கள் வருத்தப்படவில்லை.

கண்ணகி நகர் என்று முகவரி எழுதியதற்காக என்னை நேர்காணலோடு திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. இரண்டாம் முறையிலிருந்து துரைப்பாக்கம் என்று எழுதப் பழகிக்கொண்டேன். எங்கள் கண்ணகி நகர்ப் பெண் 2025-இல் பஹ்ரைனில் கபடியில் தங்கம் வென்று வந்தபோது தலைவர்கள் வரிசையாகப் பாராட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது. அப்போது மட்டும் அந்த முகவரியை எல்லோரும் முழுதாகச் சொன்னார்கள்.

அம்மாவுக்கு இப்போது 63 வயது. அன்று என்னோடு வந்திருந்தார். கைதட்டல் எழுந்தபோது, என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். மின்விசிறிச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லையாம். சும்மா ஏதோ பேசுகிறார் என்று சொல்லிவிட்டேன். ஆகவே அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நாங்கள் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தோம்.