அந்தரத்தில் நிற்பதுதான் அதிக சக்தி கேட்கும்
மேலே ஒரு நண்பர், ஹெலிகாப்டர் அந்தரத்தில் அப்படியே நிற்கும்போது எஞ்சினுக்கு வேலை குறைவு, முன்னே நகர ஆரம்பித்தால்தான் சக்தி கூடுதலாக வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அப்படியே தலைகீழ். நின்ற இடத்திலேயே மிதக்கும்போது ரோட்டர், அதாவது தலைக்கு மேல் சுழலும் இறக்கைத் தொகுதி, தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே, தன் இறக்கை நுனிகள் கிளப்பிய சுழல்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, அதனால் எடையைத் தாங்கவே சக்தியைக் கொட்ட வேண்டும். சுமார் 16 முதல் 24 நாட் வேகம், அதாவது மணிக்கு 30–45 கி.மீ. வந்ததும் அந்தக் கலங்கிய காற்றைப் பின்னால் விட்டுவிட்டுப் புதிய காற்றைப் பிடிக்கிறது; அதே சக்தியில் தூக்குவிசை கூடும், மூக்கு தானாக மேலே எழப் பார்க்கும், விமானி ஸ்டிக்கை இன்னும் முன்னால் தள்ளிப் பிடிப்பார்.

அவர் சொன்னதில் துளி உண்மை உண்டு. கிளம்பும் முதல் சில விநாடிகள், விசையில் ஒரு பங்கு முன்னோக்கிச் சாய்வதாலும் தரையருகே கிடைத்த காற்று மெத்தை நழுவுவதாலும் ஹெலிகாப்டர் கொஞ்சம் இறங்கும். அப்புறம் வேகம் ரொம்ப ஏறினால் உடல் மீதான இழுவையால் சக்தித் தேவையும் மறுபடி ஏறும், சரி. ஆனால் ராபின்சன் ஆர்44 என்ற சிறிய ஹெலிகாப்டர் மிக வேகமாக உயரம் ஏறுவது 55 நாட் அருகே, நின்றபடி அல்ல. கடும் வெயிலில், முழுச் சுமையோடு, நேராக எழும்ப முடியாதபோது சக்கரம் உள்ள ஹெலிகாப்டர்கள் ஓடுபாதையில் உருண்டு கிளம்புவதும் இதனால்தான்.