ராஜாவைத் தேர்ந்தெடுக்கவே ராத்திரி போயிடுது

ஒன்பது மணிக்கு கம்ப்யூட்டர்ல கேமைத் திறந்தேன். ஒரு தலைவரை எடுத்து, கி.மு. 4000-லேருந்து ராக்கெட் காலம் வரைக்கும் நாட்டை வளர்க்கிற கேம். இப்போ மணி பத்தே கால். இன்னும் ஒரு குடிசைகூடக் கட்டல. தலைவரைத் தேர்ந்தெடுக்கிற திரையிலேயே நிக்கிறேன்.

ஒவ்வொரு முகத்து மேலயும் மவுஸை வச்சா ஒரு பத்தி விளக்கம். துறைமுகம் கட்டினா தங்கம் கூடுமாம், ஆனா பக்கத்துல மலை இருக்கணுமாம், அதுவும் இத்தனையாவது யுகத்துக்கு அப்புறம்தானாம். இது ராஜாவா, இன்ஷூரன்ஸ் பாலிசியா?

அதுவும் யார் யாரை உட்கார வச்சிருக்காங்க பாருங்க. காந்தி! வாழ்நாள்ல ஒரு அரசுப் பதவிகூட வகிக்காத மனுஷன். அவர் கையில அணுகுண்டு. 1837-ல பட்டத்துக்கு வந்த விக்டோரியா மகாராணி, கி.மு. 4000-ல ஒரே ஒரு தடியனோட காட்டுக்குள்ள நிக்கிறாங்க. அதே கவுனோட! 32 வயசுல செத்துப்போன அலெக்சாண்டர் ஆறாயிரம் வருஷம் வாழ்ந்து ராக்கெட் விடுறார். செங்கிஸ்கான் வந்து 'நண்பர்களா இருப்போமே'ங்கிறார். நம்பணுமாம்.

சரி, 1025-ல சுமத்ரா பக்கம் இருந்த ஸ்ரீவிஜயப் பேரரசு வரைக்கும் கடற்படை அனுப்பின ராஜேந்திர சோழன் பாணியில ஆடலாம்னு, கப்பலுக்குப் பேர்போன ராஜா ஒருத்தரை எடுத்தேன். எங்க இறக்கிவிட்டான் தெரியுமா? நட்டநடு பாலைவனத்துல. நாலு பக்கமும் மணல். கப்பலை ஒட்டகத்துல கட்டி இழுக்கவா?

திரும்ப முதல்லேருந்து. திரும்ப அதே முகங்கள். பின்னாடி அதே பாட்டு வேற.