மொத்தத் தொகை போதாது, ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்

இலங்கைப் பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்ட விவாதம் வாரக்கணக்கில் நடக்கும். எந்த அமைச்சுக்கு எத்தனை மில்லியன் என்று வரிவரியாகச் சண்டை பிடிப்பார்கள். ஆனால் அந்த வருடம் அரசாங்கம் எவ்வளவு கடன்படலாம் என்பது, செலவுக்கு அனுமதி தரும் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரேயொரு உச்சத் தொகையாகத்தான் இருக்கும். யாரிடம், எந்த நாணயத்தில், என்ன வட்டிக்கு என்ற விபரம் எதுவும் அதில் இல்லை. பொது நிதியின் மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே என்கிறது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை. ஒரு மொத்தத் தொகைக்குக் கை உயர்த்திவிட்டுப் போவதற்குப் பெயர் கட்டுப்பாடா?

பொய்க்கணக்கு எழுதித்தான் மறைக்க வேண்டும் என்றில்லை. 2021 டிசம்பர் இறுதியில் இலங்கையின் வெளிநாட்டுக் கையிருப்பு 3.1 பில்லியன் டொலர் என்றார்கள். அதில் ஏறக்குறையப் பாதி, சீன மத்திய வங்கியுடன் செய்துகொண்ட 10 பில்லியன் யுவான் பரிமாற்று வசதி (swap), அதாவது நாணயத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. தேவைப்படும் நேரத்தில் எடுக்க முடியாத காசு அது. அந்த நிபந்தனையை அன்றே மக்கள் முன் வைத்திருந்தால், 2022 ஜனவரி 18ஆம் திகதி சர்வதேசச் சந்தையில் வாங்கிய 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடனைக் கட்டுவதா, மருந்துக்கும் எரிவாயுவுக்கும் அதை வைத்துக்கொண்டு கடன்காரரோடு பேசுவதா என்ற வாதம் வேறு மாதிரிப் போயிருக்கும். கட்டினார்கள். சரியாகப் 12 வாரத்தில், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள்.

திறைசேரி உத்தரவாதம் இன்னொரு இருட்டறை. அரச கூட்டுத்தாபனம் வங்கியில் கடன் எடுக்கும், திறைசேரி பிணை நிற்கும், மத்திய அரசின் கடன் கணக்கில் அது வராது. கூட்டுத்தாபனம் கட்டாவிட்டால் நம் தலையில் விழும். 2003இன் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் இதற்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.5 வீதம் என்று எல்லை போட்டது. எல்லையை முட்டும்போதெல்லாம் சட்டத்தைத் திருத்தினார்கள். 2021இல் அது 15 வீதம். வேலியைத் தூக்கித் தூக்கி நட்டால் அதற்கு வேலி என்று பெயரில்லை.

ஊழியர் சேமலாப நிதியத்துக்கு வருவோம். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம், மாதாமாதம் அதில் சேர்கிறது. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்கும் ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷினில் இருப்பவருக்கும் முதுமைக்கு இருக்கும் ஒரே சேமிப்பு அதுதான். 2023 ஜூன் கடைசியில் வங்கிகள் தொடர்ந்து ஐந்து நாள் மூடியிருந்தன. அந்த இடைவெளியில், ஜூலை 1ஆம் திகதி சனிக்கிழமை, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு, அதாவது அரசாங்கம் உள்நாட்டில் வாங்கிய கடனின் வட்டியையும் தவணையையும் மாற்றும் திட்டம், பாராளுமன்றத்தில் நிறைவேறியது. நிதியம் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்து வாங்கி வைத்திருந்த திறைசேரி முறிகளைப் புதியவற்றுக்கு மாற்ற வேண்டும்: 2026 வரை 12 வீத வட்டி, அதன்பிறகு 9. மறுத்தால் அந்த வருமானத்துக்கு 14 வீத வரி 30 ஆகும். வங்கிகளின் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. சேமிப்பின் சொந்தக்காரரை யாரும் கேட்கவுமில்லை. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

2024இன் 33ஆம் இலக்கச் சட்டத்தால் பொதுப் படுகடன் முகாமைத்துவ அலுவலகம் வந்திருக்கிறது. நல்லது. இனி கடன் வாரியாகப் பதிவேடு வேண்டும். அதைக் கேட்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016, இல. 12) இருக்கிறது. ஆனால் "கடன் விபரம் தரவும்" என்று மொட்டையாக எழுதினால் ஆண்டறிக்கையைப் பாருங்கள் என்று பதில் வரும். கடனின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: கையெழுத்திட்ட திகதி, நாணயம், வட்டி நிலையானதா மாறுவதா, சலுகைக் காலம் (முதலைத் திருப்பிக் கட்டத் தொடங்கும் வரையான காலம்), இதுவரை எடுத்த தொகை. கடப்பாட்டுக் கட்டணத்தை மறக்காதீர்கள். காணி எடுக்கத் தாமதமாகி வேலை தொடங்காமல் கிடந்தாலும், எடுக்காமல் கிடக்கும் கடனுக்கு வருடா வருடம் கட்டுகிற காசு அது. 1 லட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டம் என்றால், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு. அந்த அறிவித்தலின் பிரதியையும் கேளுங்கள்.

பொருளாதாரத்துக்குப் பாதிப்பு என்று அதே சட்டத்தின் 5(1)(இ) பிரிவைக் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். கொள்கை முடிவுகளை முன்கூட்டியே வெளியிடுவதைத் தடுக்க வந்த பிரிவு அது. கையெழுத்தாகிக் காசும் செலவாகிவிட்ட கடனுக்கு அது பொருந்தாது என்று மேன்முறையீட்டில் எழுதுங்கள். தகவல் அலுவலர் மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம், அவரும் மறுத்தால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம். முதல் விண்ணப்பத்தைக் கொடுத்த அன்றே பற்றுச்சீட்டை வாங்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால் நாள் கணக்கை நிரூபிக்க வழியில்லை.