அல்காரிதம் மட்டுமா குற்றவாளி?

சமூக ஊடகங்களில் மக்கள் எதிரெதிர் அணிகளாகப் பிளவுபட, யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று முடிவு செய்யும் அல்காரிதம்தான் காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதி உண்மை. 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட புளூஸ்கை என்ற சமூக ஊடகத்தில், நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகள் வரும் 'ஃபாலோயிங்' பக்கம் அல்காரிதம் இல்லாமல் நேர வரிசையில்தான் ஓடுகிறது. அங்கும் தனித்தனிக் கூடாரங்கள்தான், குறிப்பாக அந்த ஆண்டு நவம்பர் அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகு.

அங்குள்ள பிளாக் லிஸ்ட்டையும் பாருங்கள். யாரோ ஒருவர் பட்டியல் போடுவார். அதை சப்ஸ்கிரைப் செய்தால் அதிலுள்ள அத்தனை பேரும் ஒரே தட்டில் பிளாக். பிறகு அவர் புதிதாகச் சேர்க்கும் பெயர்களும் தானாகவே பிளாக் ஆகும், உங்களைக் கேட்காமல். கோபத்தில் சேர்த்த பெயரும் அதில் இருக்கும்! பட்டியலைத் திறந்து பெயர்களைப் பார்த்துவிட்டு, பிளாக்குக்குப் பதில் மியூட் போடுங்கள். மியூட் போட்டால் அவர்கள் பதிவுகள் உங்கள் கண்ணில் படாது, அது வெளியே தெரியவும் தெரியாது. உங்கள் பதிவை மேற்கோள் காட்டிக் கூட்டம் சேர்த்து அடித்தால், அந்த மேற்கோளிலிருந்து பதிவைக் கழற்றிவிடவும் வசதி உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை.