அது முதலாளிட காசில்ல, அந்தப் புள்ளட சம்பளம்

ரெண்டு நாளா அந்த வொய்ஸ் கிளிப் எல்லா குரூப்பிலயும் ஓடுது, கேட்டிருப்பீங்க. அந்தப் புடவைக் கடைட பேர நான் எழுதப் போறதில்ல. எனக்கு ஈபிஎப், அதான் ஊழியர் சேமலாப நிதி, கட்டுறீங்களா எண்டு அங்க வேலைக்கு நிக்கிற ஒரு புள்ள முதலாளிட்ட கேட்டிரிக்கி, நாளைக்கு வரத் தேவையில்ல எண்டு பதில். அதவிட எனக்கு வயிறெரிஞ்சது கீழ வந்த கொமண்ட்ஸ பாத்துத்தான். நன்றி கெட்டவளாம், உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்றாளாம்.

எந்த வீட்டில உண்ட? காலம வந்து ராவு வரைக்கும் நிண்ட நிலையில சீலைய விரிச்சிக் காட்டி மடிச்சி வைக்கிற புள்ள அவ. ஈபிஎப் முதலாளி குடுக்கிற தருமம் இல்ல. எங்கட இலங்கையில 1958ல வந்த சட்டம். அவட சம்பளத்தில 8 வீதம், முதலாளி 12 வீதம், மறுகா ஈரிஎப், அதான் ஊழியர் நம்பிக்கை நிதி, 3 வீதம், அதுவும் முதலாளிதான் கட்ட வேணும், சம்பளத்தில கழிக்க ஏலா. ஆகக் குறைஞ்ச சம்பளம் 2026 ஜனவரியில இருந்து 30,000. அதுக்குக் கணக்குப் பாத்தாலே முதலாளி கட்ட வேண்டியது மாசம் 4,500, வருஷத்துக்கு 54,000. அத கட்டாம விட்டா அந்தப் புள்ளட காச எடுத்து வைச்சிருக்கிறதுதானே, வேற என்ன சொல்ற அதுக்கு?

எங்கட பெரியம்மாட மகள் ஒராள் டவுண்ல புடவைக் கடையொண்டில நிண்டவ. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரைல இருந்து வரவேணும், அப்ப மண்முனைப் பாலம் இல்ல, ஆக்கள ஏத்தி இறக்கிற மிதவைப் பாதையில ஆத்தக் கடந்துதான் வாற. பாதை பிந்தினா சம்பளத்தில வெட்டு. தீபாவளி, சித்திரை வருஷம் எண்டா கடை பூட்ட ராவாகும், வீட்ட போக வழியில்லாம கூட நிக்கிற புள்ளைட வீட்டிலதான் படுக்கிற. ஓவர்டைம் எண்டு ஒரு சதம் குடுத்ததில்ல. கலியாணம் முடிச்சி வேலைய விட்ட நேரம் முதலாளி ஒரு நல்ல சீலையும் என்வலப்பும் குடுத்தார், ஊரே அவர மெச்சினது, நாங்களும்தான். மறுகாதான் தெரியும், கலியாணம் கட்டி வேலைய விடுற பொம்பளைக்கு ஈபிஎப் காச எடுக்கலாம் எண்டு. அக்கா ஐடென்டிய கொண்டு லேபர் கந்தோருக்கு, அதான் தொழில் திணைக்கள ஒஃபிசுக்கு, போன, அவட பேரில ஒரு கணக்கே இல்லையாம். அத்தின வருஷம் அவ எங்கயுமே வேலை செய்யாத மாதிரி. அண்டைக்கு அவ வீட்ட வந்து அழுத அழுகைய பாத்த ஆக்களுக்கு இந்தக் கொமண்ட்ஸ் எழுத மனம் வராது.

இப்ப சிலபேர் வருவாங்க, சின்னக் கடை எப்பிடிக் கட்டுற எண்டு. 2022ல யாவாரிமார் பட்ட பாடு எனக்கும் தெரியும், டொலர் இல்ல, சாமான் இல்ல, கரண்ட் இல்ல. ஆனா ஒராள் வேலைக்கு நிண்டாலும் ஈபிஎப் கட்டத்தான் வேணும், சின்னக் கடை பெரிய கடை எண்டு இல்ல. கடை வாடகைய கட்டாம விடுவீங்களா? கரண்ட் பில்ல கட்டாம விடுவீங்களா? புள்ளைகளிட காசுதான் விட்டாலும் கேக்க ஆளில்லாத காசு.

அவ புதுசு, ட்ரெய்னிங்ல நிக்கிறா எண்டு ஒராள். முதல் நாளில இருந்தே கட்ட வேணும் ஐயா. அப்பொய்ன்ட்மென்ட் லெட்டர் இல்லையே எண்டு இன்னொராள். லெட்டர் குடுக்க வேண்டியது ஆரு, அவளா? 1954ம் ஆண்டுச் சட்டத்திலயே இரிக்கி, கடையில நிக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, கிழமையில ஒண்டரை நாள் லீவு. கல்முனையிலயோ அக்கரைப்பற்றிலயோ மட்டக்களப்பிலயோ எத்தின புள்ளைகளுக்கு அந்த ஒண்டரை நாள் கிடைக்குது, நெஞ்சில கைய வைச்சிச் சொல்லுங்க.

எல்லாத்திலயும் என்னை நோகடிச்சது "எங்கட ஆக்கள நாங்களே காட்டிக்குடுக்கிறதா" எண்ட கதை. அந்தப் புள்ள எங்கட ஆள் இல்லையா? அவட அம்மா எங்கட அம்மா மாதிரி இல்லையா? முதலாளி மட்டுமா எங்கட சமூகம்? இந்தப் புள்ளைகள் இஞ்ச கிடைக்காத மரியாதையையும் காசையும் தேடித்தான் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகுதுகள், அதுக்கும் நாங்க வாய் கூசாம கதை கட்டுற. கோயில் திருவிழாக்கு லட்சக் கணக்கில உபயம் செய்ற ஆள் கடைப் புள்ளைட 4,500 ரூபாவ கட்டாட்டி எனக்கு அந்த உபயத்தில ஒரு மரியாதையும் இல்ல. கோவம் வந்தா வரட்டும், அன்ஃபிரெண்ட் பண்றவங்க பண்ணுங்க.

அந்தப் புள்ளைய தெரிஞ்ச ஆக்கள் இரிந்தா இன்பொக்ஸ் வாங்க. சம்பளம் தந்த துண்டு, வட்ஸ்அப் மெசேஜ், கடை யூனிபோர்மோட எடுத்த படம் எது இரிந்தாலும் அழிக்காம வைக்கச் சொல்லுங்க. கட்டாத காச சேர்சார்ஜோட, அதான் பிந்தினதுக்கான மேலதிகக் காசோட, அறவிட லேபர் கந்தோருக்கு அதிகாரம் இரிக்கி. தனியப் போகப் பயமெண்டா நான் கூட வாறன்.