போலீஸைப் பற்றி யார் பாடம் நடத்துவது?

போலீஸ் ஆவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க நம்மூரில் தெருவுக்குத் தெரு கோச்சிங் சென்டர் இருக்கிறது. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் எப்போது அறிவிப்பு விடும், நெஞ்சு எவ்வளவு விரிய வேண்டும், கயிறு ஏறுவதற்கு எங்கே பயிற்சி எடுக்கலாம், எல்லாம் பையன்களுக்கு அத்துப்படி. ஆனால் இந்த அமைப்பு நம் நடுவில் என்னதான் செய்கிறது, எங்கிருந்து வந்தது, யார் சொன்னால் கேட்கும், யார் சொன்னால் கேட்காது என்று நிதானமாக உட்கார்ந்து படிக்க, ஒரு சாதாரண கலை அறிவியல் கல்லூரியில் பெரும்பாலும் வழி இல்லை. ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம், இன்றைக்கு எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும்.

குற்றவியல் துறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, நெல்லை மனோன்மணியம் சுந்தரனாரில் இருக்கிறது. அங்கே படிக்கிறவர்கள் எத்தனை பேர்? நான் கேட்பது பி.காம். படிக்கிறவனுக்கும் தமிழ் இலக்கியம் படிக்கிறவளுக்கும் ஒரே ஒரு செமஸ்டர், ஒரே ஒரு தாள். வாழ்நாளில் ஸ்டேஷன் படி ஏறாதவர்கள் குறைவு. போன் தொலைந்தால் ஏறவேண்டும், மார்க் ஷீட் தொலைந்தால் ஏறவேண்டும், பாஸ்போர்ட்டுக்கு விசாரணை என்று அவர்களே வீட்டுக்கு வருவார்கள். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஒன்றைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு இருக்கிற மொத்த அறிவும் சினிமாவில் இருந்தும் வாட்ஸ்அப்பில் இருந்தும் வந்தது.

மாவுக்கட்டு மீம் ஒன்று போதும். பிடிபட்ட ஆள் கையிலும் காலிலும் கட்டோடு நிற்பார், "வழுக்கி விழுந்துட்டார்" என்று கீழே எழுதியிருக்கும், நாலு சிரிப்புப் பொம்மை. ஸ்டேஷன் பாத்ரூமில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா என்று உயர் நீதிமன்றமே கேட்டாயிற்று, நாம் இன்னும் ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறோம். அதே ஆட்கள்தான் 2020இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் அடித்துச் செத்தபோது முகப்புப் படத்தைக் கறுப்பாக்கினார்கள். இவனை அடித்தால் நியாயம், அவரை அடித்தால் அநியாயம், யார் எவர் என்பதை லத்தி வைத்திருப்பவர் தீர்மானித்துக்கொள்வார். இப்படி ஒரு கணக்கைக் கேள்வி கேட்காமல் பட்டம் வாங்கி வெளியே போகிற ஒரு தலைமுறையை நாங்கள் ஆசிரியர்களே உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்.

நான் நடத்துவது அரசியல் அறிவியல். பொது நிர்வாகத் தாளில் போலீஸுக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள்: மேலே டிஜிபி, கீழே இரண்டாம் நிலைக் காவலர், நடுவில் அம்புக்குறிகள். ஐந்து மார்க் கேள்விக்கு ஆகும். போன வருடம் அந்தப் படத்தை ஓரம் வைத்துவிட்டு, மூன்று எஃப்ஐஆர்களைப் பெயர், முகவரி எல்லாம் மறைத்து நகல் எடுத்து வகுப்பில் கொடுத்தேன். (எஃப்ஐஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லிவிட்டது, பாலியல் குற்றம் போன்ற சிலவற்றைத் தவிர.) ஒன்று சாக்கடைத் தண்ணீர் தகராறு, ஒன்று வட்டிக்காசு, ஒன்று பைக் நிறுத்திய சண்டை.

பின் பெஞ்சில் இருந்து ஒரு பெண் கேட்டாள்: "சார், மூணு பேரும் ஒரே மாதிரியா பேசுவாங்க?" அதேதான். மூன்றிலும் ஆபாசமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்ததாக எழுதியிருந்தது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு 294 பி, 323, 506 ஒன்று. 2024 ஜூலையில் புதிய தண்டனைச் சட்டம் வந்த பிறகு 296 பி, 115 உட்பிரிவு 2, 351 உட்பிரிவு 2. எண்தான் மாறியது, மூன்றும் சேர்ந்தேதான் வருகின்றன. ஏன்? வெறும் கையால் அடித்த வழக்கை மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. ஆபாசமாகத் திட்டினார் என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் அனுமதி தேவையில்லை. ஆகவே அடிபட்டவர் சொன்ன கதை, ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் கைக்குப் போய், சட்டத்தின் பெட்டிக்குள் அடங்குகிற அளவுக்கு வெட்டப்பட்டு வெளியே வருகிறது. இதில் கெட்ட எண்ணம் இருந்தாக வேண்டும் என்றில்லை, பல நேரம் புகார்தாரருக்கு உதவி செய்யத்தான் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் சாக்கடை எதனால் அடைத்தது, கார்ப்பரேஷனுக்கு எத்தனை தடவை எழுதினார்கள் என்ற மொத்தச் சங்கதியும் அங்கேயே செத்துப்போகிறது. வகுப்பு முடிந்து மணி அடித்தும் பிள்ளைகள் நகரவில்லை. எனக்கு அபூர்வமாக நடப்பது அது.

அடுத்த வகுப்பில் சிஎஸ்ஆர் ரசீது. புகார் கொடுத்தால் உடனே எஃப்ஐஆர் போடாமல் ஒரு மனு ரசீதைக் கையில் கொடுத்து "கூப்பிடுறோம்" என்று அனுப்புவார்களே, அது. மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் என்றால் எஃப்ஐஆர் போட்டே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் அரசியல் சாசன அமர்வே தீர்ப்புச் சொன்னது, குடும்பத் தகராறு போன்ற சிலவற்றில் மட்டும் முதல்கட்ட விசாரணைக்கு இடம் விட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்னும் கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது: மூன்று வருடத்தில் இருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்யலாம். இது தெரிந்த பிள்ளை ஸ்டேஷனில் நிற்பதற்கும் தெரியாத பிள்ளை நிற்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது வரலாறு. அதுவும் நம்ம ஊர் வரலாறு. 1855இல் இதே சென்னையில் ஒரு சித்திரவதை விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. வரி கட்டாத குடியானவர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள் எப்படி வதைத்தார்கள் என்று விசாரிக்க. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள், வெகுதூரத்தில் இருந்து நடந்தே வந்து சாட்சி சொன்னவர்கள். விரல்களைக் கிட்டியில் வைத்து நசுக்குவது, குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது என்று அறிக்கையில் வரிசையாக இருக்கிறது. அன்றைக்கு வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே தாசில்தார், ஒரே சேவகர் கையில். இரண்டையும் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்து, 1859இல் மதராஸ் மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது, இரண்டு வருடம் கழித்து 1861இல் நாட்டுக்கே ஒரு போலீஸ் சட்டம். லண்டன் போலீஸ் மாதிரி அல்ல, அயர்லாந்தை அடக்கி வைக்க வைத்திருந்த படை மாதிரியில். கார்ல் மார்க்ஸ் 1857இல் நியூயார்க் பத்திரிகைக்கு எழுதியபோது இந்த மதராஸ் அறிக்கையைத்தான் எடுத்துப் போட்டார். நம் ஊரில் முதுகலை வரலாறு படித்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரியும் என்று.

அதாவது சித்திரவதையை நிறுத்துவதற்காகப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட அமைப்பு இது. 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில், சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவுசெய்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்த மக்கள் மேல் சுட்டதும் இதே அமைப்புதான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் அதை வகுப்பில் சொன்னபோது சென்னைப் பிள்ளைகள் புதுக்கதை கேட்பதுபோலக் கேட்டார்கள். அப்புறம், குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகரில் இருந்து வருகிற ஒருவன் எழுந்து, ராத்திரி பைக்கில் போனால் முதல் கேள்வி லைசென்ஸ் இல்லை, "எந்த ஏரியா?" என்பதுதான் என்றான். பதில் சொன்னதும் போனை எடுத்து முகத்தைப் படம் பிடிப்பார்களாம். வசதியான அண்ணா நகர்ப் பையன்களிடம் கேட்டேன், ஒருவனையும் அப்படிப் பிடித்ததில்லை. கைரேகைக்கும் அந்தப் போட்டோவுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை, அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

இப்படிச் சொன்னதும் போலீஸ் எதிர்ப்புப் பாடம் என்று முத்திரை குத்த ஆள் வரும், தெரியும். அதே வகுப்பில் ஒரு ஏட்டின் மகள் இருக்கிறாள். அப்பா பண்டிகைக்கு வீட்டில் இருந்ததே இல்லை என்றாள், தீபாவளிக்கு தி.நகர் பந்தோபஸ்து, பொங்கலுக்கு மெரினா, நடுவில் யாராவது தலைவர் வந்தால் வெயிலில் நின்றுகொண்டு கிடப்பது. 2021இல் அரசு வார விடுமுறை அறிவித்தது, அப்பாவுக்கு அது கிடைக்கிற வாரமும் உண்டு, கிடைக்காத வாரமும் உண்டு என்றாள். காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிற ஆர்டர்லி முறையை 1979இலேயே ஒழித்ததாக அரசாணை இருக்க, 2022இல் உயர் நீதிமன்றம் அதையே மறுபடி ஒழிக்கச் சொல்ல வேண்டி வந்தது. அதிகாரி வீட்டில் நாயைக் குளிப்பாட்டிவிட்டு டூட்டிக்கு வருகிற மனிதர் கடைக்காரரிடம் எப்படிப் பேசுவார் என்பதும் சமூகவியல்தானே. அடி மேலே இருந்து கீழே இறங்குகிற வரிசையைப் படிக்காமல் கடைசி அடியை மட்டும் பார்த்து என்ன புரியப்போகிறது? சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது, நாமெல்லாம் பெருமையாகச் சொல்கிறோம். அங்கே நாள் முழுக்க நடப்பது வழக்கா, சமரசப் பேச்சா, "ஒருமுறை சேர்ந்து வாழ்ந்து பாரும்மா" என்று அனுப்புவதா? ஒரு மாணவி அதில் ஒரு ஆய்வுத்திட்டம் செய்யலாம். செய்ய விட்டால்.

விடமாட்டார்கள், அங்கேதான் இருக்கிறது சங்கடம். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இதை விருப்பப் பாடமாக வைக்கலாம் என்று எழுதிக்கொடுத்தேன். "நமக்கெதுக்கு சார் வம்பு, நாளைக்கு ஹாஸ்டல்ல பிரச்சினைன்னா அவங்களத்தானே கூப்பிடணும்" என்று முடித்துவிட்டார்கள். அதற்குப் பதில் என்ன நடந்தது தெரியுமா? உதவி ஆணையர் சிறப்பு விருந்தினர், பொன்னாடை, காவலன் செயலியை எல்லோரும் தரவிறக்குங்கள், போதைக்கு எதிராகக் கையை நீட்டி உறுதிமொழி, குரூப் போட்டோ. நடத்தட்டும், தப்பில்லை. ஆனால் அதைப் பாடம் என்று யாரும் கணக்கில் சேர்க்கக் கூடாது. கேள்வி கேட்க மைக் கொடுக்காத இடத்தில் என்ன பாடம்?

ஒரே ஒரு கேள்வி, அதை விருந்தினரிடம் கேட்க விட்டிருந்தாலே போதும்: போலீஸ் மேல் புகார் இருந்தால் யாரிடம் போவது? போலீஸ் சீர்திருத்தம் கேட்டுப் போடப்பட்ட பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் வையுங்கள் என்று. தமிழ்நாடு 2013இல் சட்டம் கொண்டுவந்து, மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையே தலைவராகப் போட்டது, டிஜிபியை உறுப்பினராக. யார்மேல் புகாரோ அவருடைய மேலதிகாரியே பெஞ்சில். இது சரியா தப்பா என்று இரண்டு பக்கமும் வாதாட வைத்தால் ஒரு மாத வகுப்பு ஓடும், பிள்ளைகளுக்கு அரசியல் சாசனம் தானாகப் புரியும்.

காக்கியைப் பற்றிப் பாடம் எடுக்க காக்கி போட்டவரே வேண்டும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். வரட்டும், ஆனால் ஐபிஎஸ் அதிகாரியின் சுயமுன்னேற்ற உரை வேண்டாம், தயவுசெய்து. எனக்கு வேண்டியது இருபது வருடம் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், கோர்ட் டூட்டி பார்த்த ஒரு பெண் ஏட்டு, லோயர் கோர்ட்டில் ஜாமீன் மனு போடுகிற ஒரு வக்கீல், லாக்கப்பில் ஒரு ராத்திரி இருந்து வந்த ஒருவர். நாலு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச விடவேண்டும். எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகம் 2021இல் இருந்து போலீஸ் அருங்காட்சியகமாக இருக்கிறது, பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகலாம். துப்பாக்கி, வாள், பதக்கம் எல்லாம் பார்த்துவிட்டு, 1855 அறிக்கையைப் பற்றி அங்கே எந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடச் சொல்வேன்.

இப்போதைக்குத் தாளின் பெயரைக்கூட நான் மழுப்பலாகத்தான் வைத்திருக்கிறேன், "சமூகமும் சட்ட அமலாக்கமும்" என்று. பாடத்திட்டக் குழுவில் போலீஸ் என்ற பெயரைக் கேட்டாலே இருமல் வந்துவிடுகிறது. ஜூன் மாதத்துக்குள் வரைவு கொடுக்க வேண்டும். நண்பர்கள் பட்டியலில் ஓய்வுபெற்ற ரைட்டர், ஏட்டு யாராவது இருந்தால், அல்லது அப்பா, சித்தப்பா யாராவது அந்த வேலையில் இருந்தவர் என்றால் இன்பாக்ஸில் வாருங்கள். கௌரவ ஊதியம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, டீயும் கேன்டீன் சாப்பாடும் என் பொறுப்பு.